கல்லறைச் சுவருக்கு வெளியே

பெரம்பலூர், அரியலூர் பக்கத்துப் பேய்களுக்கு மதம் கிடையாது. செவ்வாய்க்கிழமை அந்தோணியார் கோயிலுக்குப் பெண்ணைக் கூட்டிவரும் குடும்பத்தின் நெற்றியில் திருநீறு இருக்கும். கழுத்தில் உத்தரியம் போட்ட கத்தோலிக்கப் பாட்டி, பேரனுக்கு மூன்று நாளாகக் காய்ச்சல் விடவில்லை என்றால் பங்குசாமிக்குத் தெரியாமல் கோடாங்கி வீட்டுக்கு ஆள் அனுப்புவார். வெள்ளிக்கிழமை உபவாச ஜெபத்துக்குப் போகிற மருமகள், மாமியார் கட்டிவிட்ட தாயத்தை அறுத்தெறிந்துவிட்டு 'இது பிசாசோட கட்டு' என்பாள்; ஆனால் பிசாசே இல்லை என்று அவளும் சொல்லமாட்டாள். உச்சி வேளையில் புளியமரத்தடியைத் தனியாகக் கடக்கக் கூடாது என்பதில் இவர்கள் யாருக்கும் கருத்து வேறுபாடு இல்லை.

வெளியிலிருந்து பார்ப்பவர் இதை அரைகுறை மதமாற்றம் என்று சொல்லி முடித்துவிடுவார். பழைய மிஷனரிகள் பலர் அப்படித்தான் எழுதிவைத்தார்கள். பகுத்தறிவாளர்கள் இன்று வேறு வார்த்தையில் அதையே சொல்கிறார்கள்: ஞாயிற்றுக்கிழமை விசுவாசப் பிரமாணம், திங்கட்கிழமை வேப்பிலை. எனக்கு இந்த விளக்கம் போதவில்லை. செத்தவர் திரும்பி வருவாரா என்ற வழக்கு கிறிஸ்தவத்துக்குள்ளேயே ஏறக்குறைய ஈராயிரம் ஆண்டாகத் தீராமல் கிடக்கிறது. ஏலாக்குறிச்சியிலும் வரதராசன்பேட்டையிலும் இருப்பவர்கள் அந்த வழக்கின் வாரிசுகள். அவர்கள் குழப்பம் அவர்கள் கண்டுபிடித்ததல்ல.

முதலில் பேய் என்று எதைச் சொல்கிறோம் என்பதைப் பார்த்துவிடலாம். நம் பக்கத்தில் பேய் என்றால் செத்த ஆள். அதிலும் காலம் வராமல் செத்த ஆள். தூக்கு மாட்டிக்கொண்டவள், கிணற்றில் விழுந்தவள், பிள்ளைப்பேற்றில் போனவள், சிமெண்ட் லாரியில் அடிபட்டவன், பருத்திக்கு அடிக்கிற மருந்தைக் குடித்தவன். ஆயுசு மிச்சம் இருக்கிறது, ஆசையும் மிச்சம் இருக்கிறது. அதனால் ஊரை விட்டுப் போக முடியவில்லை. வேதத்தில் வரும் பிசாசு வேறு சாதி. அது ஒருநாளும் மனிதனாக இருந்ததில்லை, கலகம் செய்து விழுந்த தூதன். ஊர்ப் பேய்க்குப் பெயர் உண்டு, சொந்தக்காரர் உண்டு, முக்கியமாக ஒரு புகார் உண்டு. வேதத்துப் பிசாசுக்குப் புகார் கிடையாது, பகை மட்டும்தான். இந்த இரண்டையும் ஒரே பெட்டிக்குள் போட்டு மூட முயன்றதில்தான் சிக்கல் தொடங்குகிறது.

வேதாகமமே இதில் ஒரே குரலில் பேசவில்லை. கடல்மேல் நடந்துவரும் இயேசுவைப் பார்த்துச் சீடர்கள் ஆவி என்று அலறுகிறார்கள். உயிர்த்த பிறகு அவர் நடுவில் வந்து நிற்கும்போதும் அதே பயம். லூக்காவில் இயேசு சொல்லும் பதிலைக் கவனிக்க வேண்டும்: ஆவி என்று ஒன்று கிடையாது என்று அவர் சொல்லவில்லை, ஆவிக்குச் சதையும் எலும்பும் இருக்காது, தொட்டுப் பாருங்கள் என்கிறார், பிறகு வறுத்த மீனை வாங்கிச் சாப்பிடுகிறார். இன்னொரு பக்கம், அதே லூக்காவில் செல்வந்தனும் லாசரும் கதை வருகிறது. நரகத்தில் வேகும் செல்வந்தன் தன் சகோதரர்களுக்கு எச்சரிக்கை சொல்ல ஒரு ஆளை அனுப்பக் கேட்கிறான்; மறுக்கப்படுகிறது. செத்தவர் வரமாட்டார் என்பதற்கு இதைவிட நேரான ஆதாரம் வேண்டியதில்லை என்று போதகர்கள் சொல்வார்கள்.

ஆனால் சாமுவேல் முதல் புத்தகம் 28ஆம் அதிகாரம் இருக்கிறதே. குறிசொல்பவர்களையெல்லாம் நாட்டைவிட்டுத் துரத்திய சவுல் அரசனே, இரவில் மாறுவேடத்தில் எந்தோர் ஊரிலுள்ள அஞ்சனக்காரியிடம் போகிறான். செத்துப்போன சாமுவேல் எழும்பி வருகிறார், ஏன் தொந்தரவு செய்கிறாய் என்று கேட்கிறார், நாளைக்கு நீ சாவாய் என்கிறார். அப்படியே நடக்கிறது. வந்தது சாமுவேலா, சாமுவேல் வேடம் போட்ட பிசாசா? கத்தோலிக்க வேதாகமத்தில் சீராக்கின் ஞானம் என்ற நூல் உண்டு. அதன் 46ஆம் அதிகாரம், சாமுவேல் இறந்த பிறகும் இறைவாக்கு உரைத்தார் என்று அவர் கணக்கில் அதை ஏற்றிவிடுகிறது. புரொட்டஸ்டண்டு வேதாகமத்தில் அந்த நூல் இல்லை. ஆகவே லூத்தரும் கால்வினும் வந்தது பிசாசுதான் என்று சொல்வதற்கு வழி திறந்திருந்தது. இறந்தவர்களுக்காகப் பலி செலுத்திய செய்தி வரும் மக்கபேயர் இரண்டாம் நூலுக்கும் அதே கதி. பெரம்பலூரில் ஒரே தெருவில் இருக்கும் கத்தோலிக்கரும் சி.எஸ்.ஐ.காரரும் செத்தவர்களைப் பற்றி வேறு வேறாகப் பேசுவதற்குக் காரணம், அவர்கள் அலமாரியில் இருக்கும் புத்தகத்தின் கனம் வேறு வேறு என்பதுதான்.

ஊர்ப் பேயின் தத்துவத்தை முதன்முதலில் மேடையேறி மறுத்தவர் தமிழ்நாட்டு மிஷனரி அல்லர். நான்காம் நூற்றாண்டு அந்தியோக்கியாவில் புனித யோவான் கிறிசோஸ்தோம், மத்தேயு நற்செய்திக்கு ஆற்றிய மறையுரைகளில் ஒன்றில் இதை எடுக்கிறார். கல்லறைகளில் குடியிருந்த பேய் பிடித்தவர்களின் கதையை விளக்கும் இடம் அது. கொடுமையாகச் செத்தவர்களின் ஆன்மா பேயாகிவிடும் என்று அவருடைய சபையாரில் பலர் நம்பினார்கள். பேய் பிடித்தவர்கள், 'நான் இன்னாருடைய ஆன்மா' என்று கத்தினார்கள். மந்திரவாதிகள் சிறு பிள்ளைகளைக் கொன்று அந்த ஆன்மாவை ஏவலுக்கு வைத்துக்கொள்கிறார்கள் என்ற பேச்சும் இருந்தது. தலைச்சன் பிள்ளையின் மண்டையோட்டு மை என்று கேட்டு வளர்ந்த எவருக்கும் இது வேற்றூர்ச் செய்தியாகத் தோன்றாது. கிறிசோஸ்தோமின் பதில்: உடலை விட்ட ஆன்மா இங்கே சுற்றாது, பேசுவது பிசாசு, செத்தவன் பெயரைச் சொல்லி ஏமாற்றுகிறது. ஆயிரத்து அறுநூறு ஆண்டுக்குப் பிறகு, பெரம்பலூர் ஜெபவீட்டில் பாஸ்டர் சொல்வதும் எழுத்துப் பிசகாமல் இதுவே.

அகுஸ்தீன் இன்னும் நுட்பமாகப் போகிறார். தியாகி ஒருவரின் கல்லறைக்குப் பக்கத்தில் புதைத்தால் செத்தவருக்குப் பயன் உண்டா என்று நோலா நகர ஆயர் பவுலினுஸ் கேட்டதற்குப் பதிலாக, ஏறக்குறைய 421இல் ஒரு சிறுநூல் எழுதினார். செத்தவர்கள் நம்மிடம் வந்துபோக முடியுமென்றால் என் தாய் மோனிக்கா ஓர் இரவுகூட என்னைப் பார்க்காமல் இருந்திருக்க மாட்டாளே என்பது அவருடைய வாதம். நம் கனவில் உயிரோடிருப்பவர் வந்தால் அது அவருக்குத் தெரியவா போகிறது? செத்தவர் கனவில் வருவதும் அப்படித்தான் என்கிறார். பேய் மறுப்பு நூல்கள் எத்தனையோ வந்துவிட்டன. இத்தனை சொந்தத் துக்கத்தோடு எழுதிய வாதம் எனக்குத் தெரிந்து வேறில்லை.

ஆனால் திருச்சபையின் வெகுஜன மரபு அகுஸ்தீன் வழியில் போகவில்லை. ஆறாம் நூற்றாண்டு இறுதியில் திருத்தந்தை முதலாம் கிரகோரியின் பெயரில் வழங்கும் உரையாடல்கள் நூலில் பஸ்காசியுஸ் என்ற திருத்தொண்டரின் கதை வருகிறது. செத்தபின் அவர் ஒரு வெந்நீர்க் குளியல் மண்டபத்தில் வேலையாளாக நிற்கிறார். அங்கே வரும் ஆயரிடம் எனக்காக மன்றாடும் என்று கெஞ்சுகிறார். ஆயர் சில நாள் மன்றாடிவிட்டுத் திரும்பி வந்து பார்த்தால் ஆள் இல்லை, கரையேறிவிட்டார். நமக்குப் பழக்கமான பேய்க்கதைதான் இது. ஓட்டுவதற்குப் பதிலாக ஜெபம் கொடுத்து அனுப்பிவைக்கிறார்கள், அதுதான் வித்தியாசம். உத்தரிக்கிற ஸ்தலம் என்ற கொள்கை உருண்டு திரண்டு 1439இல் ஃபிளாரன்ஸ் சங்கத்திலும் 1563இல் திரிதெந்தின் சங்கத்திலும் உறுதியானபோது, அலையும் ஆன்மாவுக்குக் கத்தோலிக்கத்தில் ஒரு முகவரி கிடைத்தது. சீர்திருத்தக்காரர்கள் அந்த முகவரியை அழித்தார்கள். 1569இல் சூரிச்சு நகரத்துப் போதகர் லுட்விக் லாவாட்டர் ஆவித் தோற்றங்களைப் பற்றித் தனிநூலே எழுதினார்: சொர்க்கமும் நரகமும் மட்டும் என்றால் நடுவில் நடமாட எவருக்கும் இடமில்லை, கண்ணில் பட்டது பெரும்பாலும் ஏமாற்று, இல்லையேல் பிசாசு.

இந்த இரண்டு மரபும் நம் பக்கத்தில் நேருக்கு நேர் நின்றது பதினெட்டாம் நூற்றாண்டில். 1706இல் தரங்கம்பாடியில் இறங்கிய சீகன்பால்கு லுத்தரன். 1713இல் தென்னிந்தியத் தெய்வங்களின் வம்சாவளியை எழுதி முடித்தபோது ஊர்த் தெய்வங்களையும் பேய்களையும் வெகு கவனமாகக் கேட்டுப் பதிவு செய்தார். பதிவு செய்தபின் எல்லாவற்றையும் பிசாசின் கணக்கில் எழுதினார். கொள்ளிடத்தின் வடகரையில், இன்று அரியலூர் மாவட்டத்தில் இருக்கும் ஏலாக்குறிச்சியில் இயேசு சபைக் குருவான வீரமாமுனிவர் அடைக்கல மாதாவுக்குக் கோயில் எடுத்து, ஊருக்குத் திருக்காவலூர் என்று பெயரிட்டார். அடைக்கலம், காவல் என்ற இரண்டு சொல்லையும் பார்த்தாலே அங்கே வந்தவர்கள் எதைத் தேடி வந்தார்கள் என்பது விளங்கும். அரியலூர்ப் பாளையக்காரரின் ராஜபிளவை மாதாவின் அருளால் ஆறியது, அதற்கு நன்றியாக நிலம் கொடுத்தார் என்பது தல மரபு. 1726இல் தேம்பாவணி பாடிய அதே கைதான் தரங்கம்பாடி லுத்தரன்களை மறுத்துப் பேதகமறுத்தலும் எழுதியது. மாதாவிடம் மன்றாடலாமா, இறந்தவர்களுக்காக மன்றாடலாமா என்பது அந்த இரு சபைகளுக்கும் நடுவே பழைய தகராறு.

இயேசு சபையாரின் கடிதங்களில் பேயோட்டல் ஒரு பக்கம் விட்டு ஒரு பக்கம் வரும். ஓட்டுபவர் பெரும்பாலும் ஐரோப்பியச் சாமியார் அல்லர், உள்ளூர் உபதேசியார். இதில் ஒரு வேடிக்கை உண்டு. பழைய கிரேக்க, ரோமானியக் குறிசொல்லும் கோயில்களில் பேசியது பிசாசு அல்ல, பூசாரிகளின் சூழ்ச்சி என்று பிரெஞ்சு எழுத்தாளர் ஃபோந்தனெல் 1686இல் எழுதினார். பால்துஸ் என்ற இயேசு சபைக் குரு 1707இல் மறுப்பு எழுதினார். திருச்சிக்குத் தெற்கே ஆவூரில் கோயில் எழுப்பிய பூஷே அடிகள் அதைப் படித்துவிட்டு, பிசாசு பேசுவதற்கு இங்கே எனக்குத் தினமும் சாட்சி கிடைக்கிறது என்ற பாணியில் பால்துஸுக்கு நீண்ட கடிதம் எழுதினார். சோழநாட்டு மருளாளி, தனக்குத் தெரியாமலே பாரிஸ் அறிஞர்களின் வழக்கில் சாட்சிக்கூண்டில் ஏற்றப்பட்டார். நம் ஊர்ப் பேயை ஐரோப்பியர் நம்பவில்லை என்று நினைப்பது தவறு. நன்றாகவே நம்பினார்கள், அது யார் என்பதில்தான் நம்மோடு ஒத்துப்போகவில்லை.

அந்த ஒத்துப்போகாமைக்குச் சரியான எடுத்துக்காட்டு தென்கோடியில் இருக்கிறது. 1809இல் திருவிதாங்கூர்க் கோட்டைவரிசையைப் பிடித்த சண்டையில் காயம்பட்டு இறந்த போல் என்ற ஆங்கிலேயக் கேப்டனைத் திருநெல்வேலிப் பக்கத்தில் புதைத்தார்கள். அவர் பேயாகிவிட்டார் என்று ஊரார் கண்டுகொண்டு, அவருக்குப் பிடித்த சாராயமும் சுருட்டும் படைத்தார்கள். மிஷனரிகள் இதை ஏளனத்தோடு எழுதிவைத்திருக்கிறார்கள். திருநெல்வேலிச் சாணார்களைப் பற்றி 1849இல் நூல் வெளியிட்ட கால்டுவெல்லும், அகாலமாகச் செத்தவர்களே இங்கே வணங்கப்படும் பேய்களில் பலர் என்று கண்டிருந்தார். ஏளனத்தைத் தள்ளிவிட்டுப் பார்த்தால், ஊராரின் நியாயம் பிடிபடும்: ஞானஸ்நானம் வாங்கிய வெள்ளைக்காரராக இருந்தாலும் அரைகுறை ஆயுசில், அந்நிய மண்ணில், சொந்தபந்தம் இல்லாமல் செத்தால் அடங்கமாட்டார். எப்படிச் செத்தார், யார் அடக்கம் செய்தார்கள் என்பதை வைத்துத்தான் பேய் உருவாகிறது. செத்தவரின் மதத்தை வைத்தல்ல.

இதுதான் நான் சொல்லவரும் விஷயத்தின் மையம். பேய் நம்பிக்கையைத் திருச்சபை வெளியே இருந்து எதிர்த்தது என்றே எல்லோரும் எழுதுகிறார்கள். திருச்சபை தன் பங்குக்குப் பேய்களை உண்டாக்கியும் இருக்கிறது. எப்படியென்றால் கல்லறைச் சுவரால்.

1917ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத்தொகுப்பு, 1240ஆம் பிரிவில், தெரிந்தே தற்கொலை செய்துகொண்டவர்களுக்குத் திருச்சபை அடக்கத்தை மறுத்தது. அதற்கு முன்பும் பல நூற்றாண்டுகளாக அதுதான் வழக்கம். பூசை கிடையாது, மணியடிப்பு கிடையாது, மந்திரித்த மண்ணில் இடம் கிடையாது. ஞானஸ்நானம் பெறாமல் இறந்த பச்சைக் குழந்தைக்கும் உள்ளே இடமில்லை. கிராமத்தில் இதன் பொருள் என்ன? முந்தின நாள்வரை தெருவில் நடமாடிய பெண் தூக்கில் தொங்கினாள். அவளைக் கல்லறைத் தோட்டத்துக்கு வெளியே, ஓடைக்கரையிலோ முள்காட்டிலோ, வேகவேகமாகப் புதைத்துவிட்டு வந்தார்கள். சாமியார் வரவில்லை. மூன்றாம் நாள், முப்பதாம் நாள் பூசை வைக்கவும் ஆளில்லை. ஊரில் யாருக்கு எந்த இடத்தில் பயம் வரும் என்பதற்குக் கோடாங்கி வேண்டியதில்லை. பங்குக் கோயில் பதிவேட்டில் யாருடைய பெயர் எழுதப்படவில்லை என்று பார்த்தாலே போதும். அகால மரணம் அடைந்தவர் அலைவார் என்பது ஊர் நம்பிக்கை. அலையும்படி வெளியே விட்டது கோயில். இரண்டும் கைகோத்துத்தான் வேலை செய்தன.

சுவர் என்பது வெறும் பேச்சுக்குச் சொல்வதல்ல. திருச்சி மேலப்புதூர்க் கல்லறைத் தோட்டத்தில் தலித் கிறிஸ்தவர்களின் கல்லறைகளைப் பிரித்து நின்ற சாதிச் சுவர் ஊரறிந்தது. செத்த பிறகும் ஒன்றாகப் படுக்கவிடாத ஊரில், செத்தவர் எல்லோரும் ஒரே இளைப்பாற்றியில் இருக்கிறார்கள் என்று பிரசங்கம் செய்தால் யார் நம்புவார்?

இந்தச் சட்டம் மாறிவிட்டது என்பது நம்மில் பலருக்குத் தெரியாது. 1983ஆம் ஆண்டுத் தொகுப்பின் 1184ஆம் பிரிவில் அடக்கம் மறுக்கப்படுவோர் பட்டியலில் தற்கொலை செய்துகொண்டவர்கள் இல்லை. 1992இல் வந்த மறைக்கல்வி நூல், அவர்களுடைய மீட்பைக் குறித்து நம்பிக்கை இழக்க வேண்டாம், திருச்சபை அவர்களுக்காக மன்றாடுகிறது என்கிறது. ஞானஸ்நானமின்றி இறந்த குழந்தைகளைப் பற்றிப் பன்னாட்டு இறையியல் ஆணையம் 2007இல் வெளியிட்ட ஆவணமும் அதே திசையில் போகிறது. பேய் நம்பிக்கைக்கு எதிராக ரோமையிலிருந்து வந்த பலமான ஆயுதம் இவைதான் என்பது என் கணிப்பு, ஆனால் ஒருவரும் இவற்றை அந்தத் தலைப்பில் படிப்பதில்லை.

நவம்பர் 2ஆம் தேதி கல்லறைத் திருநாளில் இதைக் கண்ணால் பார்க்கலாம். அதற்கு முந்தின வாரமே கருவேல முள்ளை வெட்டி, கல்லறைகளுக்கு வெள்ளையடித்து, சிலுவையில் பெயரைக் கறுப்பு பெயிண்டால் திரும்ப எழுதுவார்கள். மாலையில் மெழுகுதிரியும் ஊதுவத்தியும் செவ்வந்தி மாலையுமாகக் குடும்பம் குடும்பமாக வந்து உட்காருவார்கள். சாமியார் ஒவ்வொரு கல்லறையாக வந்து மந்திரித்த தண்ணீர் தெளிப்பார். வேறு எந்த இரவிலும் அந்தப் பக்கம் போக மறுக்கும் பிள்ளைகள், அன்றைக்கு உருகிய மெழுகைச் சுரண்டி உருண்டை பிடித்து விளையாடும். ஒரே இடம், ஆட்கள் கூடி, பெயர் சொல்லி, மன்றாடினால் பயம் இல்லை. சி.எஸ்.ஐ., லுத்தரன் குடும்பங்களும் பல ஊர்களில் அன்று கல்லறைக்கு வந்து மெழுகுதிரி ஏற்றுகின்றன. அவர்கள் கொள்கைப்படி அதற்கு அவசியமே இல்லை. மக்களுக்கு அவசியம் இருக்கிறது.

இனி பேயோட்டல். கத்தோலிக்கச் சட்டம் இதில் மக்கள் நினைப்பதைவிட மிகக் கறாரானது. 1614ஆம் ஆண்டு ரோமைச் சடங்கு நூலே, ஒருவருக்குப் பேய் பிடித்திருக்கிறது என்று எளிதில் நம்பிவிடாதே என்றுதான் குருவுக்கு அறிவுரையைத் தொடங்குகிறது. இன்றைய சட்டத்தின் 1172ஆம் பிரிவுப்படி, ஆயரின் வெளிப்படையான அனுமதி பெற்ற குரு மட்டுமே அதைச் செய்யலாம். பொதுநிலையினர் அந்த வாசகங்களைப் பயன்படுத்தக் கூடாது என்று 1985இல் ரோமையிலிருந்து ஆயர்களுக்குக் கடிதமே வந்தது. குருத்துவத்துக்குக் கீழ்ப்பட்ட பட்டங்களில் ஒன்றாக இருந்த 'பேயோட்டுபவர்' பட்டத்தை ஆறாம் பவுல் 1972இல் எடுத்துவிட்டார். 1976இல் ஜெர்மனியில் அன்னலீசு மிக்கேல் என்ற மாணவி, 67 பேயோட்டும் அமர்வுகளுக்குப் பிறகு உணவின்றி இறந்தார். பெற்றோரும் இரண்டு குருக்களும் 1978இல் தண்டிக்கப்பட்டார்கள். அதற்குப் பிறகு ஐரோப்பியத் திருச்சபைக்கு இந்த விஷயத்தில் கை நடுங்கியதில் வியப்பில்லை. 1999இல் வெளியான புதிய சடங்கு நூல் மருத்துவரையும் மனநல வல்லுநரையும் கலந்துகொள்ளச் சொல்கிறது.

இது ஏட்டில். திருத்தலங்களில் நடப்பது வேறு. தூத்துக்குடி மாவட்டத்துப் புளியம்பட்டி அந்தோணியார் கோயிலைப் பற்றி பிரிஜித் செபாஸ்தியா என்ற பிரெஞ்சு மானிடவியலாளர் 2007இல் ஒரு நூலே எழுதியிருக்கிறார்; அங்கே தங்குபவர்களில் மனநோயும் பேயும் ஒன்றோடொன்று எப்படிப் பின்னிக் கிடக்கின்றன என்பது அதன் பொருள். நம் மாவட்டங்களிலிருந்தும் குடும்பங்கள் இப்படிப்பட்ட திருத்தலங்களுக்குப் போவது வழக்கம்தான். அங்கே பேயாடும் பெண்ணுக்கு முன்னால் பெரும்பாலும் குரு நிற்பதில்லை. கொடிமரமும் சுரூபமும்தான். அந்தோணியாருக்கு முன்னால் தலைமயிர் அவிழ்ந்து சுழலும்போது பக்கத்தில் இருப்பவர்கள் கேட்பது, கோடாங்கி கேட்கும் அதே கேள்விகள்: 'நீ யாரு? எந்த ஊரு? எப்படிச் செத்தே? எதுக்கு இவளைப் புடிச்சே?' பதில் வரும். 'நான் இன்னார் மக. மாமனார் அடிச்சுக் கெணத்துல தள்ளிட்டாரு.' கூட்டம் ஒரு நொடி அமைதியாகும். கொள்கைப்படி அந்தோணியார் விரட்டுவது பிசாசை. கூட்டம் கேட்டுக்கொண்டிருப்பதோ ஒரு செத்த பெண்ணின் வாக்குமூலத்தை. ஊரில் யாரும் சொல்லத் துணியாத சேதி, சிலநேரம் பேயின் வாயில்தான் வெளியே வருகிறது.

இராமநாதபுரச் சீமையில் பல ஆண்டுகள் ஆய்வு செய்த டேவிட் மாஸ், 2012இல் வெளியிட்ட நூலில் ஒரு மாற்றத்தைக் காட்டுகிறார். இரண்டாம் வத்திக்கான் சங்கத்துக்குப் பிறகு வந்த குருக்கள் சமூக நீதி, கல்வி என்று திரும்பினார்கள், பேயோட்டுவதற்கு வெட்கப்பட்டார்கள். மக்களின் தேவை குறையவில்லை. அவர்கள் விட்ட இடத்துக்கு வேறு ஆட்கள் வந்தார்கள். சென்னைப் புரொட்டஸ்டண்டுகளைப் பற்றி லயனல் காப்லன் 1987இல் எழுதியதும் இதே கதைதான். பில்லி சூனியம் எல்லாம் மூடநம்பிக்கை என்று சொல்லிக் கையைக் கழுவிய சபைகளிலிருந்து, உன் பயம் உண்மையானதுதான் என்று சொன்ன பெந்தெகொஸ்தே கூட்டங்களுக்கு மக்கள் போனார்கள்.

பெந்தெகொஸ்தேகாரர்களைக் கேலி செய்வது எளிது, நான் அதைச் செய்யப்போவதில்லை. இரவு பத்து மணிக்குக் கூப்பிட்டால் பாஸ்டர் பைக்கை எடுத்துக்கொண்டு வருவார். மந்திரித்துக் கொடுக்கப் பணம் கேட்பதில்லை. சாராயத்தை விடவைக்கிறார்கள். கோடாங்கிக்கும் சூனியக்காரனுக்கும் கொட்டிக் கடனாளியான குடும்பத்துக்கு இதுவே பெரிய விடுதலை. என் குறை வேறு இரண்டு. முதலாவது, எல்லாப் பேயும் ஒரே பிசாசு என்று ஆக்கிவிட்டால், கிணற்றில் விழுந்த பெண்ணின் புகார் பொய்யாகிவிடுகிறது. 'பொய்க்காரப் பிசாசே, வாயை மூடு' என்று கட்டளையிட்டவுடன் அவள் இரண்டாம் தடவை சாகிறாள். இரண்டாவது, பேய் குறைவதே இல்லை. காய்ச்சல், கடன், தேர்வில் தோல்வி, மாட்டுக்குப் பால் வற்றுவது, எல்லாவற்றுக்கும் பின்னால் ஓர் ஆவி. ஒவ்வொரு கூட்டத்திலும் விடுதலை கிடைக்கிறது, அடுத்த வாரத்துக்குப் புதுக் கட்டு தயாராக இருக்கிறது.

பக்கத்து வீட்டுச் சாமியும் இந்தக் கணக்கில் பிசாசாகிவிடுவது இன்னும் பெரிய வில்லங்கம். பெரம்பலூருக்குப் பக்கத்துச் சிறுவாச்சூர் மதுரகாளி கதையைப் பாருங்கள். செல்லியம்மனை மந்திரவாதி ஒருவன் அடக்கிவைத்து ஆட்டிப்படைக்கிறான். மதுரையிலிருந்து வந்த காளி ஓரிரவு தங்க இடம் கேட்டு, அவனை அழித்து, செல்லியைக் காப்பாற்றுகிறாள். திங்கள், வெள்ளியில் மட்டும் நடை திறக்கும் அந்தக் கோயிலில் மாவிளக்குப் போட வருகிறவர்கள் கும்பிடுவது சூனியத்திலிருந்து காப்பவளை. அதாவது, அவர்களுக்கும் நமக்கும் எதிரி ஒருவனேதான். அவளையே சூனியத்தின் பக்கம் நிறுத்திப் பிரசங்கம் செய்தால், ஒரே தெருவில் பெண் கொடுத்து எடுத்து வாழ்பவர்களுக்கு நடுவே என்ன மிஞ்சும்? பழைய கத்தோலிக்கக் கிராமங்களில் திருவிழாவுக்குப் பந்தல்கால் நடவும் தேர் இழுக்கவும் இந்து வீட்டுப் பங்கு இருந்தது. அந்த இணக்கம் இறையியலில் எழுதப்படாதது, ஆனால் அதுதான் ஊரை நடத்தியது.

மருத்துவம் எங்கே நிற்கிறது? 2022இல் நடைமுறைக்கு வந்த உலகச் சுகாதார நிறுவனத்தின் நோய் வகைப்பாட்டில், தன்னை வேறோர் ஆவி ஆட்கொண்டதாக நடந்துகொள்ளும் நிலைக்குத் தனி இடமே உண்டு. அந்தச் சமூகத்தின் வழிபாட்டில் ஏற்றுக்கொள்ளப்பட்ட அருள்வாக்கு போன்றவை நோயாகாது என்ற விலக்கும் சேர்த்தே இருக்கிறது. இரவில் நெஞ்சில் ஏறி உட்காரும் அமுக்குவான் பேய், தூக்கத்தில் உடம்பு விழிக்குமுன் அறிவு விழித்துக்கொள்வதால் வருவது. செத்த கணவன் வாசலில் நிற்பதாகப் பார்ப்பதும் பைத்தியமல்ல. 1971இல் வேல்ஸ் நாட்டு மருத்துவர் டெவி ரீஸ், துணையை இழந்த 293 பேரிடம் கேட்டார். கிட்டத்தட்டப் பாதிப்பேர் இறந்தவரின் இருப்பை உணர்ந்திருந்தார்கள். அதைப் பெரும்பாலோர் யாரிடமும் சொன்னதில்லை, பங்குக்குருவிடம்கூட.

ஆனால் நோயைப் பேய் என்று விட்டுவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு ஏர்வாடி இருக்கிறது. 2001 ஆகஸ்ட் 6 அதிகாலையில் தர்கா ஊரான ஏர்வாடியில் ஒரு கொட்டகை பற்றி எரிந்தபோது, சங்கிலியில் பிணைக்கப்பட்டிருந்த மனநோயாளிகள் 28 பேர் வெந்து செத்தார்கள். தர்கா என்பதால் நாம் ஒதுங்கிக்கொள்ள முடியாது; சங்கிலி எல்லா மதத்துத் திருத்தலங்களிலும் கிடந்தது. 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் எந்த வகையிலும் சங்கிலியில் பிணைப்பதைத் தடைசெய்கிறது. அரியலூரில் 2022 முதல் அரசு மருத்துவக் கல்லூரியே வந்துவிட்டது. முதலில் அங்கே, பிறகு எந்தக் கோயிலுக்கு வேண்டுமானாலும் என்ற வரிசையை எந்தக் குருவும் பாஸ்டரும் தைரியமாகச் சொல்லலாம். ரோமைச் சடங்கு நூலே அந்தப் பக்கம்தான் நிற்கிறது.

விசுவாசத்தையும் பேயையும் எப்படி ஒத்துப்போக வைப்பது என்ற கேள்விக்கு, என் பார்வையில், கத்தோலிக்கரிடம் ஏற்கெனவே பதில் இருக்கிறது, பயன்படுத்தாமல் கிடக்கிறது. தூக்கில் செத்தவளின் பெயரைப் பூசையில் உரக்க வாசிப்பதும், அவளுக்கு முப்பதாம் நாள் வைப்பதும், பழைய ஓடைக்கரைப் புதைகுழிகளையும் கல்லறைத் திருநாளன்று மந்திரிப்பதும் எந்தச் சட்டத்துக்கும் எதிரல்ல. ஆயரிடம் தனி அனுமதிகூட வேண்டாம். பஸ்காசியுஸ் கதை சொல்வதும் அதுவே. செத்தவர்களுக்காக மன்றாடாத சி.எஸ்.ஐ., லுத்தரன் சபைகள் அந்த அளவுக்கு வரமுடியாது. ஆனால் நினைவுகூர்ந்து நன்றி செலுத்தும் ஒழுங்கு அவர்களிடமும் உண்டு, அதற்குள் யாருடைய பெயரையும் சேர்க்கலாம். பெந்தெகொஸ்தே சபைகளின் நிலை வேறு. பெரும்பாலானவை தனித்தனிச் சபைகள். தற்கொலை செய்துகொண்ட ஒருவரின் அடக்க ஆராதனையில் என்ன சொல்வது என்பது அந்தந்தப் பாஸ்டரின் மனதைப் பொறுத்தது. ஒருவர் அழுது ஜெபித்து அனுப்பிவைப்பார். அடுத்த தெருவில் ஒருவர் நரகத்தைப் பற்றிப் பிரசங்கிப்பார், அந்தக் குடும்பத்தின் முன்னாலேயே. மாற்றி எழுதுவதற்கு அங்கே 1240ஆம் பிரிவு என்று ஒன்று இல்லை.